கணக்கில் வராத கக்கூசு

எழுபதுகளின் கடைசியில் பதுளை நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் போடத் திட்டம் தயாரித்தார்கள். அந்த வேலையில் நான் அளவுக்கோல் பிடித்தேன். கோலை ஆடாமல் நிறுத்திக்கொண்டு நான் நிற்க, தூரத்தில் முக்காலியில் வைத்த கருவி வழியாக இன்னொருவன் அதிலுள்ள எண்ணைப் படிப்பான். அந்த இன்னொருவனைப் பார்த்து நான் பட்ட பொறாமை கொஞ்சமல்ல.

அவனும் லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆள்தான். ஒரே லயம், ஒரே வரிசை வீடுகள். என்னைவிட ஏழு வயது இளையவன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பசறையில் பேக்கரி, ஹல்துமுல்லையில் லொறி கிளீனர், பதுளை பஜாரில் கடைச் சிப்பந்தி என்று எதிலும் ஒரு வருடம் தங்காமல் அலைந்து அங்கே வந்து சேர்ந்தேன். அவன் பரீட்சையில் கணிதத்துக்குத் திறமைச் சித்தி எடுத்து நேரே வந்தவன். இருவருமே தற்காலிகம். வேலை முடியும்போது ஒருவரை நிரந்தரமாக்குவதாக யாழ்ப்பாணத்து இஞ்சினியர் சொல்லியிருந்தார். மழை வந்தால் கருவி நனையாமல் பெரிய குடையை விரிப்பார்கள். அவன் அந்தக் குடைக்குள் நிற்பான். கோலுக்குக் குடை தேவையில்லை.

"அண்ணே, கொஞ்சம் எடது பக்கம் சாய்ஞ்சிருக்கு."

பணிவாகத்தான் சொல்வான். அவன் அதட்டியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

திட்டம் இதுதான். சாதாரணக் குழாயில் கழிவு தானாக ஓட வேண்டும். அதற்குச் சரிவு வேண்டும். பதுளையில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். சரிவுக்காகத் தோண்டினால் இரண்டு ஆள் ஆழத்தில் பாறை. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு குழி கட்டி, அதற்குள் சின்ன மின்சாரப் பம்பு வைத்து, கழிவை அரைத்து மெல்லிய குழாய்க்குள் தள்ளிவிடுவது என்று யோசித்தார்கள். அப்படிச் செய்தால் குழாய் ரோட்டோடு சேர்ந்து ஏறி இறங்கலாம். செலவெல்லாம் பம்பில்தான். எத்தனை குழி என்று சரியாக எண்ணிவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது.

எண்ணும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். பஜாரில் கடை கடையாக ஏறினோம். முன்பக்கம் கடை, பின்னால் வீடு. பெரும்பாலும் முஸ்லிம் முதலாளிமார்.

"முதலாளி, கக்கூசு எத்தன?"

"ஒன்டுதான் தம்பி ஈக்கிது."

அவன் ஒன்று என்று எழுதுவான். கடையை ஒட்டியிருந்த அந்த ஒன்றின் தரைமட்டத்தை அளந்துவிட்டு அடுத்த கடைக்குப் போவோம். மூன்று கடைக்கு ஒரு குழி போதும் என்று அவனே கணக்குப் போட்டுக் காட்டினான். பம்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இஞ்சினியர் அவன் தோளில் தட்டினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கு பிழை என்று எனக்குத் தெரியும். அதே பஜாரில் எட்டு மாதம் பின்சந்து வழியாக அரிசி மூட்டை சுமந்தவன் நான். வீட்டு வளவின் கீழ்க்கோடியில், தகர மறைப்புக்குப் பின்னால், பெண்களுக்கென்று இன்னொரு கக்கூசு இருக்கும். வெளி ஆள் கேட்டால் ஆம்பிளைகள் அதைச் சொல்லமாட்டார்கள். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. பெண்கள் பக்கத்தைப் பற்றி அந்நியனிடம் பேசுவது அவர்களுக்கு வழக்கமில்லை. அது ஆற்றுப் பக்கம், தாழ்வில் இருந்தது. அவன் வரைந்த குழியோ மேலே, கடையோரத்தில். கீழே இருப்பது மேலே ஏறி வராது. அந்தக் கீழ்க்கோடியில் வீட்டுக்கு வீடு மதில் வேறு. மூன்று வீட்டுக்கு ஒரு குழி என்பது நடக்காத காரியம்.

நான் வாயைத் திறக்கவில்லை. பிழை வெளியே வரட்டும், எல்லார் முன்னாலும் வரட்டும் என்று காத்திருந்தேன். அவன் மூன்று கிழமை இருந்து வரைபடம் கீறினான். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். "நல்லாருக்கு தம்பி" என்றுகூடச் சொன்னேன்.

முதல் குழிக்கு இடம் குறிக்க இஞ்சினியரே வந்தார். அந்தக் கடை முதலாளிக்கு வாயெல்லாம் பல். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்.

"அப்ப எங்கட பக்கத்துக்கு எப்ப வருவாங்களாம்? கேளுங்களே!"

"எந்தப் பக்கம்?" என்றார் இஞ்சினியர்.

முதலாளி தொப்பியைச் சரிசெய்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "கீழுக்கு ஒன்டு ஈக்கிது சேர்" என்றார்.

இஞ்சினியர் வரைபடத்தை விரித்து அவன் முகத்தைப் பார்த்தார். அவன் காது சிவந்தது. இத்தனை நாள் நான் காத்திருந்தது இதற்குத்தான். சும்மா இருந்திருக்கலாம். என் கெட்டித்தனமும் அவருக்குத் தெரிய வேண்டுமே!

"இந்த லைன்ல எல்லா வளவிலயும் ரெண்டுங்க சேர். கீழ இருக்கிறது பொம்பளைங்களோடது. எனக்குத் தெரியும்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"மொதல் நாள்லேருந்தே தெரியுங்க."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. இஞ்சினியர் வரைபடத்தை மெதுவாக மடித்தார்.

"பிறகு ஏன் சொல்லேல்ல?"

நான் கோலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன்.

"இவர் அறியாமல் பிழைவிட்டவர். நீர் தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டிருந்தனீர். நாளைக்கு ரெண்டு பேரும் போய்த் திரும்ப எண்ணுங்கோ."

அந்த நிரந்தர வேலை யாருக்கு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் நான் முன்னால் போனேன். பின்சந்தில் தகரத்தைத் தட்டிக் குரல் கொடுப்பேன்.

"உம்மா, கக்கூசு கணக்கு!"

"இத்தன நாளும் முன்னுக்குப் போய் ஆம்பிளயள்ட கேட்டாங்களே, அவங்களா கழுவுற?" என்று உள்ளிருந்து ஒருத்தி கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே எழுதினான். சிரிக்கும்போதும் அவன் எழுத்து கோணவில்லை. அதைப் பார்த்து எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

எண்ணி முடித்தபோது குழிகள் மூன்று மடங்காகியிருந்தன. அந்தச் செலவைப் பார்த்து மேலிடம் பிறகு பார்க்கலாம் என்றது. நான் பதுளையில் இருந்தவரை யாரும் தோண்டவில்லை.

வேலையின் கடைசி நாள், புதிய வரைபடத்தைச் சுருட்டுவதற்கு முன் அவன் என்னைக் கூப்பிட்டான். அதன் மூலையில் 'வீடுகளை எண்ணியவர்' என்று போட்டு அவன் பேர் இருந்தது.

"அண்ணே, இதுல ஒங்க பேரையும் போட்டுரவா? பாதி நீங்க சொன்னதுதானே."

"வேணாம். ஒன் பேரே அழகா இருக்கு" என்றேன், குத்தலாக.

அவன் பேனாவை மூடிவிட்டான்.

மறுநாள் காலை ஊருக்குப் போகப் பசறை பஸ்ஸில் ஏறினேன். வேண்டாம் என்றதும் என் பேரைப் போடாமல் விட்டுவிட்டானே என்று வளைவுக்கு வளைவு ஆத்திரப்பட்டுக்கொண்டே போனேன்.