குல்லா போட்ட தலையணை

அந்த இன்ஹேலர் எப்போது என் ஸ்வெட்டர் பைக்குள் வந்தது? இருபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "எந்த இன்ஹேலர்? எனக்கு எங்க ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பர் துபாயில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். எனக்கு வீசிங் இருந்ததால் வெளியே விளையாட எனக்கென்று ஒரு மாதம் இருக்கவில்லை. கோடையில் வெயில் ஆகாது. வெயில் குறைந்தால் தூசி ஆகாது. தூசி அடங்கினால் குளிர் ஆகாது. காலண்டரின் பன்னிரண்டு தாள்களுக்கும் அம்மாவிடம் காரணம் இருந்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டுக்கு நான் ஜன்னலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினேன். பந்தை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

அந்த வருடம் எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள், ஆல்ப்ஸ் மலையில் ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு வருடம் இருந்தவள். அங்கே வருடம் முழுக்க வெளியில்தான் விளையாட்டாம். பனி பெய்தால் பலகையில் உட்கார்ந்து சரிவில் சறுக்குவார்களாம், பனி உருகினால் மலையேறுவார்களாம். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நான் இதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட வருகிறவர் மாமா, அம்மாவின் தம்பி. துபாயிலேயே அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர்.

"இதுக்கா ஏட்டி அழுத? காரெடுத்தா ஒரு நாளு. ஓமன்ல சலாலா இருக்குல்லா மருமவளே. ஆகஸ்ட்ல மலை பூரா பச்சை. நம்ம குத்தாலம் கணக்கா சாரல் அடிக்கும்" என்றார்.

"சாரலா?" என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஊருக்குப் போகாத வருடம் அது. அப்பாவுக்கு லீவ் இருந்தது, போவதற்கு இடம் இல்லை. ஆகவே கிளம்பிவிட்டோம். அம்மா இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற ஒரு மங்கி குல்லா, என் தலையணை, மூன்று குடை எல்லாம் எடுத்துக்கொண்டாள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி அடிக்கும்போது காருக்குள் குல்லா ஏற்றிய குடும்பம் அன்றைக்கு நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம். மாமா கிடங்கிலிருந்து நான்கு அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மடித்துக் கொண்டுவந்தார். எதற்கென்று அப்பா கேட்டதற்கு, "ஈரத்துல விரிச்சு உக்காரதுக்கு அத்தான்" என்றார். இன்ஹேலர் மட்டும் வழக்கம்போல அம்மாவின் கைப்பைக்குள். அந்தப் பை தோளைவிட்டு இறங்கியதே இல்லை.

பகலெல்லாம் மணல். மறுநாள் காலையில் கார் மலை ஏறியபோது எல்லாம் மாறிவிட்டது. பச்சைச் சரிவுகள், மூடுபனி, அதற்குள் பாதி மட்டும் தெரிகிற ஒட்டகங்கள். பொடிப்பொடியாகத் தூறல். துபாய், அபுதாபி நம்பர் போட்ட கார்கள் வரிசையாக நின்றன. பாய் விரித்து, பிளாஸ்க் வைத்து, குடும்பம் குடும்பமாக மழையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா காரைவிட்டு இறங்கியதும் என் தலைக்கு மேல் குடையை விரித்தாள். பக்கத்துப் பாயில் இருந்த அபாயா அணிந்த பெண் திடுக்கிட்டு எழுந்து வந்தாள். வானத்தைக் காட்டினாள், குடையைக் காட்டினாள், "மாஃபி, மாஃபி!" என்று, வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினாள். சிரித்துக்கொண்டே தானே குடையை மடக்கி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானே என்று அவளுக்கு எண்ணம். அம்மா அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து நான் இருமிவிட்டேன். அதுவும் இரண்டு தடவை.

அவ்வளவுதான். ஸ்வெட்டர், குல்லா, கம்பளி, காரின் பின்சீட்டு, ஏற்றிவிட்ட கண்ணாடி. "கொஞ்ச நேரம் கண்ண மூடு மக்ளே" என்று போர்த்திவிட்டு, அப்பாவோடு டீ போட அடுப்பு மூட்டப் போனாள். வெளியே ஒரு கூட்டம் பிள்ளைகள் சரிவில் உருண்டுகொண்டிருந்தார்கள். இங்கேயும் ஒரு ஜன்னல்தான் எனக்கு என்று நினைத்தேன்.

மறுபக்கக் கதவு மெல்லத் திறந்தது. "குல்லாவக் கழட்டு" என்றார் மாமா. என் தலையணைக்குக் குல்லாவை மாட்டினார், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். "உன்னவிட இது அழகா இருக்கு ஏட்டி" என்று என்னைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போனார்.

அட்டைகள் எதற்கென்று அப்போது தெரிந்தது. ஈரப் புல்லில் அட்டை வழுக்கிக்கொண்டு போன வேகம் இருக்கிறதே! கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அபாயா பெண்ணின் மகள்கள் இருவரும் என் அட்டையில் ஏறிக்கொண்டார்கள். "யல்லா! யல்லா!" என்று மாமா மேலிருந்து தள்ளிவிட்டார். அட்டையின் ஓரத்தில் உடையும் சரக்குக்கு அடையாளமாக ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம் இருந்தது. அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது முறை மேலே ஏறும்போது மூச்சில் விசில் வந்தது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மருந்து அக்காட்டல்லா இருக்கு" என்று கார் இருந்த திசையைப் பார்த்தார். பனியில் கார் தெரியவில்லை. குளிருக்கு ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்டேன். விரலில் தட்டுப்பட்டது, இன்ஹேலர்.

இரண்டு முறை இழுத்தேன். சற்று நேரத்தில் விசில் அடங்கியது.

"நீயா எடுத்துட்டு வந்த?"

"ஆமா மாமா" என்றேன் பெருமையாக. எனக்கு நினைவில்லை, ஆனால் வேறு யார் எடுத்து வந்திருக்க முடியும்?

திரும்பிப் பதுங்கிப் பதுங்கி வந்தபோது அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையணையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. மாமா என் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, டீ ஆறுது" என்றார்.

"சத்தம் போடாதல. பிள்ள இப்பதான் அசந்து தூங்குதா" என்று அம்மா அடுத்த பக்கமாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் புகுந்து படுத்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்து துண்டோடு வந்து என் தலையைத் துவட்டினாள். முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றையும் துடைத்தாள்.

"காருக்குள்ள பிள்ளைக்கு என்னமா வேர்த்திருக்கு" என்றாள்.

அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்று மாமாவும் நானும் ஒரு மாதம் சிரித்தோம். தலையணைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத அம்மா என்று வகுப்பில்கூடச் சொன்னேன்.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது, அவளுக்கும் வீசிங். நாத்தனார் தன் பிள்ளைகளோடு டிசம்பரில் ஹத்தா மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாள். "அண்ணி, ரெண்டே நாளு, அனுப்புங்களேன்" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். இன்ஹேலரை மகளின் ஸ்வெட்டர் பையில் வைப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன். வைப்பது சுலபம். அதற்குப் பிறகு அந்தக் காரில், வெளியே நான் கத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே, அம்மா தலையணையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதுதான் எனக்கு வரவில்லை.

படிக்கிற தாய்மார்களே, உங்களில் யாருக்காவது அது வந்திருந்தால், எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். டிசம்பருக்குள் எழுதினால் நல்லது.