தேவானை தாண்டின வலை

பட்டினப்பாக்கத்துல தேவானை வூடு எதுன்னு கேட்டுப் பாரு. "அந்த வாயாடியா?"ன்னுதான் கை காட்டுவானுங்க. காட்டட்டும். மீன் கடையில இருவது வருசமா அவ பக்கத்துலயே கூடை வெச்சுகினு குந்திகினு கீறவ நான். அந்த வாய் இல்லன்னா அவ வூட்ல அடுப்பே எரிஞ்சிருக்காது.

மாடியில பெயிண்டு பக்கெட்டுல தக்காளி வெச்சா. இடுப்பு ஒசரம் வளந்து கொத்துக் கொத்தா காய் புடிச்சுது. எங்க கடக்கரைக் காத்து சும்மா வுடுமா? குச்சி நட்டு, தூண்டில் நரம்பால இறுக்கிக் கட்டினா. செடி ஆட ஆட, அந்த நரம்பே ரெண்டு செடியோட தண்ட அறுத்துப் போட்டுச்சு. மீதியும் சாஞ்சுகினு கீது. இன்னொரு காத்து அடிச்சா அவ்ளோதான்.

வாசல்ல அவ புருசன் வடிவேலுவோட கிழிஞ்ச வலை சும்மாதான் கெடந்துச்சு. கேட்டா குடுக்க மாட்டான், அதான் கேக்கல. தூக்கினு போயி, தண்ணித் தொட்டி பைப்புக்கும் டிஷ் கம்பத்துக்கும் நடுவுல இழுத்துக் கட்டினா. பழைய நைட்டியக் கிழிச்சு, செடிங்கள அதுல தளர்வா முடிஞ்சா. ஜோரா நின்னுச்சு.

எங்க ஆளுங்ககிட்ட ஒரு பேச்சு உண்டு. பொம்பள வலையத் தாண்டினா மீன் ஆப்டாதாம். அன்னிக்குன்னு பாத்து வடிவேலு போட் காலியா வந்துச்சு. வலை மாடியில கீதுன்னு தெரிஞ்சதும், அவதான் தாண்டியிருப்பான்னு தடதடன்னு ஏறினான். அவ வாசல்ல நின்ன நானும் பின்னாலயே ஓடினேன்.

"எவளக் கேட்டு எடுத்த?"ன்னு ஒரு முனைய அவுத்து வுட்டான். வலை தரையில சரிஞ்சுது, செடிங்களும் அதோட படுத்துச்சு.

செடியாண்ட நின்ன தேவானை பொடவைய இடுப்புல சொருகினா.

"ஏய், தாண்டாத!"ன்னு கத்தினான் வடிவேலு.

தாண்டினா. நேரா அவன் மூஞ்சிக்கு முன்னால வந்து நின்னா.

"தாண்டிட்டேன், இன்னா பண்ணுவ? நீ புடிக்கிற மீன அறுத்து விக்கிறது இந்தக் கைதானே? இன்னிக்கு அத்தினி போட்டும் காலியாத்தானே வந்துச்சு? அவனுங்க வலைய எல்லாம் எவ தாண்டினா, சொல்லு!"

அவன் தரையில கெடந்த வலையப் பாத்தான்.

"மரம் மாரி நிக்காத. காய் நசுங்குது, அந்த முனையப் புடி."

புடிச்சான். செடிங்கள நிமித்திக் கட்ட, தேவானை மறுபடியும் வலையத் தாண்டி அந்தப் பக்கம் போனா. இந்த வாட்டி அவனே முனையத் தாழ்த்திப் புடிச்சு வழி வுட்டான்.