சடைக்குள் மத்தாப்புத் தூள்

செருப்பைக் கழற்றி, கைபேசியைப் பெட்டியில் போட்டு, துப்பட்டாவிலிருந்த ஊக்கையும் எடுத்தாயிற்று. அழகுமீனாவுக்கு அதுவும் போதாது. பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தால் சுடிதார் முழுக்கத் தடவுவாள். பையில் எதுவும் ஒட்டவில்லையென்று பார்த்த பிறகே ஆய்வகத்துக்குள் கால் வைப்பாள். தலையை மட்டும் விட்டுவிடுவாள், அம்மா பின்னிய சடை கலைந்துவிடுமாம்.

“கோயிலுக்குப் போறவகூட இம்புட்டுச் சுத்தம் பாக்க மாட்டாடி!” என்று உடன் ஆராய்ச்சி செய்யும் அப்ரின் சிரிப்பாள்.

உள்ளே இருப்பது கடுகிலும் சிறிய ஒரு வைரத் துண்டு. பச்சை ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பாக மின்னும். அதற்குள்ளிருக்கும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி, பக்கத்தில் துளி இரும்பு வந்தாலும் தடுமாறும். உடனே திரையில் ஓடும் கோடு ஆடிவிடும். அதற்கு அழகுமீனா வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. வெம்பக்கோட்டையிலிருந்து விருதுநகர் ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் வரும்போதும் அவளுக்கு இதே நினைப்புத்தான். கண்டக்டரின் விசிலைக்கூட விடமாட்டாள். “அண்ணே, இது பித்தளையா, இரும்பா?” என்று கேட்டுவைப்பாள்.

அந்தத் தொட்டாச்சிணுங்கி அவளிடம் மட்டும் ஓயாமல் சிணுங்கியது. வைரமோ சென்னையிலிருந்து இரவல் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கோடு ஆடாமல் நிற்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பேராசிரியர் புகழேந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோடு ஆடும்போதெல்லாம் அழகுமீனா பக்கத்தில் ஓடும் ரயில்மேல் பழி போட்டாள், தண்ணீர் மோட்டார்மேல் பழி போட்டாள்.

“நான் ஒக்காந்தா கம்முனு கெடக்கு. நீ குனிஞ்சாத்தான் ஆடுது. சடையக் காட்டு” என்றாள் அப்ரின்.

காந்தத்தை வைத்ததும் பையில் கரும்பொடி அப்பிக்கொண்டது. அட, மத்தாப்புக்குப் போடும் இரும்புத் தூள்! அம்மா மாரித்தாய் மத்தாப்புக் கம்பெனியில் கம்பிகளை அந்தத் தூள் கலந்த மருந்தில் முக்குகிறவள். என்ன சோப்புப் போட்டாலும் கைரேகைக்குள் போனது போகாது. அந்தக் கையால்தான் தினமும் காலையில் மகளுக்குச் சடை பின்னுவாள். இந்த வயதில் அம்மாவிடம் சடையா என்று தெருவே கேலி பேசும். பேசட்டுமே! ஆளுக்கொரு பஸ்ஸுக்கு ஓடும் அந்த இருவருக்கும் பேசிக்கொள்ளக் கிடைப்பதே அந்த நேரம்தான்.

இதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை காலை, ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

மாரித்தாயின் சீப்பு பாதியில் நின்றது. “என் கையா தாயி ஒம் படிப்பக் கெடுக்கு?” என்றவள், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மகள் என்ன சொல்லியும் வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் அழகுமீனா தலைக்குக் குளித்து, தானே கொண்டை போட்டுக்கொண்டு போனாள். கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது. புகழேந்தி திரையைக் குனிந்து பார்த்தார். “வைரம் இங்கேயே இருக்கட்டும்மா” என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த வேகத்தில் கொண்டையை அவிழ்த்தாள். சீப்பை அம்மாவிடம் நீட்டினாள்.

“எம்மா, இனிமே ராத்திரிக்குப் பின்னு. காலையில நான் அலசிக்கிடுதேன்.”

“இரு தாயி, கையக் கழுவிட்டு வாரேன்” என்று மாரித்தாய் எழுந்தாள்.

அழகுமீனா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.