காட்பாடியில் தோல் ஏற்றிய பதினாலு பேர்

மாதனூர் இருதயராஜ் தாது வருஷப் பஞ்சத்துக்கு மறு வருஷம் பிறந்தவர். வயது கேட்டால் அப்படித்தான் சொல்வார். கணக்குப் போடுவது கேட்டவர் பாடு. பத்தொன்பது வயதில் காட்பாடி ஜங்ஷனில் கூலியாகச் சேர்ந்தார். முப்பத்தைந்தில் மேஸ்திரியானார். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கீழே பதின்மூன்று பேர், பதினாலாவது ஆளாக அவரும் சுமக்க வேண்டும்.

காட்பாடியில் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. ஆம்பூரிலிருந்து அரக்கோணம் வழியாக மதராஸுக்குப் போவது அகலப் பாதை. வேலூர் வழியாகத் தெற்கே விழுப்புரம் போவது குறுகிய பாதை. ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. அதனால் சரக்கு முழுவதையும் இங்கே இறக்கி, நாலு எட்டு நடந்து, அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். நெல், கடலை, வெல்லம் எல்லாவற்றையும் கோவிந்தசாமி மேஸ்திரியின் அறுபது ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். தெற்கிலிருந்து ஆம்பூர் தொழிற்சாலைகளுக்கு வரும் உப்புத் தோல், அதாவது அழுகாமலிருக்க உப்புத் தடவிய பச்சைத் தோல், மட்டும் இருதயராஜ் கூட்டத்தின் வேலை. வாரத்துக்கு மூன்று வண்டி வந்தால் அதிகம். மற்ற நாட்களில் பதினாலு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் பங்குனியில் மதராஸிலிருந்து ஒரு துரை வந்தார். வெள்ளத்திலோ விபத்திலோ ஓர் இடத்தில் பாதை அறுந்தால் வண்டிகள் வேறு எப்படிப் போகும் என்று சோதித்துப் பார்ப்பது அவருக்கு இட்ட வேலை. மேஜையில் ரயில் பாதைப் படத்தை விரித்து, ஒவ்வொரு துண்டாக விரலால் மறைப்பார். அரக்கோணத்துக்குப் போகும் துண்டை மறைத்துவிட்டு, விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு காட்பாடிக்கு ஒரு கோடு இழுத்தார். வழி இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். புத்திசாலி மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவே.

பிறகு ஆட்களைப் பார்க்க வெளியே வந்தார். புளியமரத்தடி அவர் கண்ணில் பட்டது.

கூட்ஸ் கிளார்க் சீனிவாசன் மொழிபெயர்த்தார். "கோவிந்தசாமி, உன் ஆளுங்க எந்தச் சரக்கா இருந்தாலும் ஏத்துவாங்களான்னு கேக்கறார்."

"ஏத்துவோம் தொரே," என்றார் கோவிந்தசாமி. துரை கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? ஏரியை எடுத்து மலைமேல் வைக்கிறாயா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான்.

துரை இருதயராஜிடம் திரும்பினார். "உன் வேலைய அவங்களால செய்ய முடியுமான்னு கேக்கறார்," என்றார் சீனிவாசன்.

அறுபது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோலை அவர்கள் தொடமாட்டார்கள். தோல் வந்த வண்டியைக் கழுவிவிட்டால்தான் அதில் கால் வைப்பார்கள். தோல் சுமந்தவர்களுக்குத் தண்ணீரைக்கூட எட்ட நின்று கையில்தான் ஊற்றுவார்கள். ஸ்டேஷனில் இது தெரியாதவர் துரை ஒருவர்தான். உண்மை இருதயராஜின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது.

"யாரு வேணா செய்யலாங்க. தூக்குறதுதானே," என்றார்.

வைகாசியில் உத்தரவு வந்தது. பதினாலு பேருக்கும் வேலை இல்லை. அதன்பின் வாரந்தோறும் வந்த கொஞ்சத் தோலை முதலாளிகளின் ஆட்கள் வேலூரிலேயே இறக்கி, மாட்டுவண்டியில் ஆம்பூருக்குக் கொண்டுபோனார்கள்.

அவருடைய தம்பி சவரிமுத்து அந்தப் பதினாலில் ஒருவன். "இன்னாண்ணா இது? வாய் இருக்குதில்ல உனுக்கு? ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சு போயிருப்ப?" என்று தெருவில் நின்று கத்தினான். ஆடியில் சவரிமுத்து இலங்கைத் தோட்டத்துக்குக் கப்பலேறினான். ஏழு பேர் கோலார் சுரங்கத்துக்குப் போனார்கள். இருதயராஜும் மற்ற ஐந்து பேரும் ஆம்பூரில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்கினார்கள். தம்பி போன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று மனைவி மரியம்மாள் பிற்பாடு சொன்னதுண்டு.

ஐப்பசியில் மழை பிடித்தது. திருவலம் பக்கம் ஓர் ஏரி உடைந்து, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணை அறுபது கஜம் அரித்துக்கொண்டு போயிற்று. துரை விரலால் மறைத்த அதே துண்டு. அவர் எழுதிவைத்தபடியே மதராஸ் சரக்கெல்லாம் விழுப்புரத்தைச் சுற்றிக் காட்பாடிக்கு வந்தது. அரிசி வந்தது, அன்றே மாறிப் போனது. மண்ணெண்ணெய் வந்தது, போனது. அதன்பின், மாட்டுவண்டிகளில் அடங்காத அளவுக்கு, இருபத்திரண்டு வண்டி உப்புத் தோல் வந்தது.

அறுபது பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்கள். சீனிவாசன் கெஞ்சினார், மிரட்டினார், இரட்டைக் கூலி என்றார். "வேல போனாலும் போவுது சாமி, அத தொட்டுட்டு ஊட்டுக்குள்ள எப்படி நொழையிறது?" என்றார் கோவிந்தசாமி. அவர் பொய் சொல்லவில்லை. பங்குனியில் சொன்னதுதான் பொய்.

ஐந்தாம் நாள் தோல் முதலாளியின் ஏஜென்ட் வாஹித் பாஷா ஆம்பூர் சுண்ணாம்புக் குழிக்கே வந்துவிட்டார். "மேஸ்திரி, பேஜாராப் போச்சு. இருக்கிறவங்களக் கூட்டிக்கினு வா."

ஆறு பேர் போனார்கள். பதினாலு பேருக்கு இரண்டு நாள் வேலை, ஆறு பேருக்கு நாலரை நாள் ஆயிற்று. அடியிலிருந்த தோல்களைத் தூக்கும்போது மயிர் கையோடு வந்தது. அப்படி வந்தால் தோல் அழுகிவிட்டது என்று அர்த்தம். ஏழு வண்டிச் சரக்கைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கடைசி வண்டி நகர்ந்த அன்றே திருவலத்தில் பாதையும் சரியாகிவிட்டது.

பதினாலு இடங்களும் தை மாதத்தில் திரும்பக் கிடைத்தன. பழைய ஆட்கள் ஆறு பேர், மற்றவர்கள் புதியவர்கள். சவரிமுத்துக்குக் கடிதம் போட்டார்கள். தோட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, வரமுடியாது என்று எழுதிவிட்டான். அண்ணனும் தம்பியும் அதன்பின் சந்திக்கவே இல்லை. முப்பத்தாறாம் வருஷம் சாகும்வரை இருதயராஜ் அந்த ஸ்டேஷனில்தான் இருந்தார்.

ஆனால் இடங்கள் திரும்பிவந்தது மார்கழியில் நடந்த விசாரணையால். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அதே துரை வந்தார். அதே இடத்தில் அதே அறுபது பேர் நின்றார்கள். தோல் ஏன் அசையவில்லை என்று கேட்டார். இந்தத் தடவை இருதயராஜ் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"அவங்க தோலத் தொட மாட்டாங்க தொரே. தோலத் தொடுற எங்களையும் தொட மாட்டாங்க."

சீனிவாசன் ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. போன தடவை கேட்டபோதே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

இருதயராஜ் கோவிந்தசாமியைப் பார்த்தார். கோவிந்தசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியூர் மனுசர் முன்னால சொன்னா, இவங்களுக்கு அவமானமா இருக்குமேன்னு வுட்டுட்டேன் சாமி."

என்ன சொன்னான் என்று துரை இரண்டு முறை கேட்டார். அதற்கு மட்டும் சீனிவாசன் கடைசிவரை மொழிபெயர்ப்புச் சொல்லவில்லை.