ஆற்றுக் கெண்டையும் கண்மாய்க் கெண்டையும்

பால்துரை இறந்த செய்தி 1964 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்தது. ராஜசிங் வாத்தியார் பாதி முகம் சவரம் செய்திருந்தார். திருத்தங்கலிலிருந்து சைக்கிளில் வந்த அச்சாபீஸ் பெத்தணன், "மஞ்சக்காமாலைதான் சார். விடியக்காலம் போயிட்டாக" என்றான்.

அப்போதும் ராஜசிங்குக்கு முதலில் நினைவு வந்தது பால்துரையின் படம் எழுதும் கைதான். இருவரும் ஒரே வகுப்பு. ராஜசிங் விலங்கியலில் பட்டம் வாங்கி விருதுநகரில் பாடம் நடத்தினார். பால்துரை எட்டாவதோடு நின்று, பட்டாசு லேபிளுக்காக அச்சுக்கல்லில் படம் எழுதினான்.

போன வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்தபோது பிடித்த கெண்டை ஒன்று, கண்மாய்க் கெண்டை ஒன்று, இரண்டையும் வீணான லேபிளின் பின்புறம் வரைந்து, படத்தோடு மீன்களையும் பள்ளிக்கே கொண்டுவந்தான்.

"ஏலே, ரெண்டும் ஒரே மீனுதாம்லே. ஆத்து மீனு ஓடுற தண்ணிய எதுத்து நிக்கணும்ல, அதான் ஒடுங்கிப்போச்சு. கம்மா மீனு கோரைக்குள்ள வளைஞ்சு திரும்பணும், முதுகு தூக்கியிருக்கு பாரு."

பத்து வருஷம் பாடம் நடத்தியும் ராஜசிங்குக்குத் தோன்றாதது அது. வயிறு எரிந்தது. அச்சில் நேராக விழுவதற்காகக் கல்லில் இடவலம் மாற்றி எழுதிப் பழகிய கை, மீன்களையும் வலப்பக்கம் பார்க்க வரைந்திருந்தது. புத்தகத்தில் மீன்கள் இடப்பக்கம் பார்க்கும். ராஜசிங் அதைப் பிடித்துக்கொண்டார். மற்ற வாத்தியார்கள் முன்னால், "தலை எந்தப் பக்கம்னே தெரியலையே ஒனக்கு! ரெண்டும் வேற வேற இனம்லே. நீ போயி வெடிக்குப் படம் போடு" என்றார்.

பால்துரை சிரித்தான். "படிச்சவன் சொன்னா சரிதான்" என்று மீன்களை மேஜையிலேயே விட்டுப் போனான்.

ராஜசிங் அவற்றைப் பார்மலின் ஊற்றிய இரண்டு ஜாடிகளில் போட்டு, இரண்டு பெயர் எழுதி ஒட்டினார். இந்த ஆடியில் ஒருநாள் செதில்களை எண்ணிப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை. துடுப்பு முள்ளும் அப்படியே. ஒரே மீன்தான். மூன்று மாதமாக அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

துட்டி வீட்டில் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. தான் செத்தால் இம்புட்டுப் பேர் வருவார்களா என்று ராஜசிங் தலைகளை அளந்தார்.

பால்துரையின் மனைவி ஞானதீபம் ஒரு காகிதக் கட்டை நீட்டினாள். "உங்ககிட்டச் சேத்துரணும்னு சொன்னாக."

அதில் பால்துரை மீன்களையெல்லாம் இடப்பக்கம் பார்க்கத் திருத்தி வரைந்திருந்தான். மேல் தாளில் 'இரண்டும் ஒன்று' என்ற வரியை அடித்துவிட்டு, 'ராஜசிங் சொன்னபடி வேறு வேறு' என்று எழுதியிருந்தான்.

திங்கட்கிழமை ராஜசிங் ஜாடிகளின் பழைய சீட்டுகளைக் கிழித்து, இரண்டுக்கும் ஒரே மீன் பெயரைப் புதிதாக எழுதி ஒட்டினார். அந்தச் சீட்டுகளில் 'கண்டறிந்தவர்' என்ற சொல்லுக்கு எதிரே இன்னும் பெயர் எழுதவில்லை.