சுந்தரத்தின் பீரும் நான் இறுக மூடிய கேனும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், கனடாவின் மாண்ட்ரியலில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுந்தரம் பிளாஸ்டிக் தண்ணீர்க் கேனில் பீர் ஊறப்போட்டான். நண்பர்கள் எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். "உங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்று என் மனைவியே கேட்டாள். பொறாமையில் நானும் ஒரு கேனில் பீர் ஊறப்போட்டேன்.

அவன் மூடியில் குழாய் செருகி வாயுவை வெளியே விடுவான். முட்டாள், நுரையை வீணாக்குகிறான் என்று நினைத்தேன். என் கேனை இறுக மூடி, தோசை மாவு புளிக்க வைக்கும் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன்.

"கேன் உப்பியிருக்குங்க. மாவையே நான் இப்படி மூடமாட்டேன்" என்றாள் மனைவி, இரண்டு நாள் கழித்து மாவை எடுக்கக் குனிந்தபடி.

"உன் வேலையைப் பார்."

அவள் மாவை எடுத்துக்கொண்டு நகர்ந்ததுமே கேன் வெடித்தது. அவள் குனிந்திருந்த இடத்தின் வழியே மூடி பறந்து சுவர்ப் பூச்சைப் பெயர்த்தது.

அன்றிலிருந்து குழாய் இல்லாமல் நான் பீர் ஊறப்போடுவதில்லை. மூடியை அவள்தான் சரிபார்க்கிறாள். ஆனாலும் அந்தப் பாவி சுந்தரத்தின் பீர்தான் இன்னும் நன்றாயிருக்கிறது.