லோர்கன்பெக் துரைக்கு ஊர் தேடியது

1. அடியில் இருந்த தனி ஃபாரம்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். மலாயாவில் சிகாமட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் பெரிய கிராணி. கிராணி என்றால் ஆபீஸ் கணக்கப்பிள்ளை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஆட்களின் பெயர், ஊர், பிறப்பு, இறப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் எங்கள் மேசை வழியாகத்தான் போகும். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு திங்கட்கிழமை காலை சிங்கப்பூர்க் கம்பெனியிலிருந்து ஒரு கட்டு ஃபாரம் வந்தது. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்போகும் ஆட்களுக்கு ஆளுக்கு ஒன்று. பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், தாலுகா, ஜில்லா. கட்டின் அடியில் வேறு நிறத்தில் ஒரே ஒரு தனி ஃபாரம் இருந்தது. மேலே டைப் அடித்திருந்த பெயர் லோர்கன்பெக்.

அவர் எங்கள் ஸ்டோர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரர். ரப்பர் பாலைத் தகடாக்கிப் புகை போடும் ஆலைக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பெயர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. இளவயதில் கப்பல் ஃபிட்டராக இந்தப் பக்கம் வந்தவர். பதினாலாம் வருடத்துப் பெரிய சண்டையின்போது இங்கிலீஷ்காரர்கள் அவரைப் பிடித்து முகாமில் போட்டார்கள். சண்டை முடிந்து பல வருடம் கழித்துத்தான் திரும்பி வர அனுமதி கிடைத்தது. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எஞ்சினுக்கு நெருப்புப் போடும் எங்கள் ஃபயர்மேன் முத்தையா. முத்தையா யாரையும் 'நீ' என்று சொல்லத் தெரியாத மனிதர். அதனால் லோர்கன்பெக் துரையும் எல்லோருக்கும் 'நீங்க'தான் போடுவார். மானேஜர் பெரிய துரையின் நாயைக்கூட "நீங்க அங்கே போங்க" என்று விரட்டுவார்.

அவரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். அவருடைய ஃபாரத்தில் மூன்று கட்டம். இறங்கும் துறைமுகம், போய்ச் சேரும் ஊர், அங்கே பொறுப்பேற்கும் உறவினர். பின்னிரண்டும் நிரம்பினால் ஊர் வரைக்கும் கம்பெனி கொண்டுபோய்ச் சேர்க்கும். இல்லாவிட்டால் துறைமுகத்தோடு சரி.

பெரிய துரை, கண்டிப்பான இங்கிலீஷ்காரர், அன்றைக்கே சொல்லிவிட்டார்: "கிராணி, மூணு மாசம் டைம். எல்லா ஃபாரமும் முழுசா இருக்கணும்."

நான் தனி ஃபாரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். லோர்கன்பெக் துரை கையைத் துடைத்துவிட்டு வாசித்தார்.

"துறைமுகம் ஹம்பர்க்னு எழுதுங்க கிராணி. மத்த ரெண்டும் தாக் அடா."

மலாய் பாஷையில் 'இல்லை' என்கிறார். "இல்லைன்னு எப்படி எழுதறது துரை? யாராச்சும் இருப்பாங்கல்ல?"

அப்போதுதான் சொன்னார். தகப்பன் மாலுமி, கப்பலோடு மூழ்கிப் போய்விட்டார். தாய் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயதில் ஹம்பர்க்கில் ஓர் அநாதை விடுதியில் விட்டார்கள். கூட வந்தது பெயர் ஒன்றுதான்.

"கப்பல் நிக்கும், நான் இறங்குவேன். அப்புறம் இடது பக்கம் போறதா, வலது பக்கம் போறதா, எனக்குத் தெரியாது லா" என்று மலாய்க்காரர் மாதிரி 'லா' போட்டுச் சொன்னார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் துறைமுகக் கட்டத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

2. எஞ்சின் ரூம் சுவர்

மனிதர் சும்மா இருக்கவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. எஞ்சின் ரூமுக்குப் பின்னால் அவருடைய சின்ன அறை. உள்ளே கூப்பிட்டார். சுவரில் ஜெர்மனி மேப். எண்ணெய்க் கறை பட்டு ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. அதில் சின்னச் சின்ன ஆணிகள் அடித்திருந்தார்.

அவருடைய குடும்பப் பெயர் அந்த நாட்டிலேயே அபூர்வமாம். ஜெர்மனியில் நகரத்துக்கு நகரம், ஜில்லாவுக்கு ஜில்லா விலாசப் புத்தகம் அச்சடிப்பார்களாம். பழைய கப்பல் சிநேகிதர் ஒருவர் அந்தப் புத்தகங்களைப் புரட்டி, லோர்கன்பெக் என்று எங்கே பார்த்தாலும் எழுதி அனுப்புவார். இவர் ஓர் அட்டையில் பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொண்டு மேப்பில் ஓர் ஆணி அடிப்பார். எட்டு வருடமாக இந்த வேலை நடந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு ஆணி.

"இந்தப் பேருக்கு என்ன அர்த்தம் துரை?"

"முன்னாடி பாதி தெரியாது. பெக்னா சின்ன ஓடை. ஏதோ ஓடைக்கரை ஊர்ப் பேருன்னு நினைச்சு மேப் முழுக்கத் தேடினேன். அப்படி ஊரே இல்லை."

நான் மேப்பைப் பார்த்தேன். ஹம்பர்க்கில் ஒன்பது ஆணி நெருக்கியடித்து நின்றன. மேற்கே நிலக்கரிச் சுரங்க நகரங்களில் இரண்டும் மூன்றுமாக ஒன்பது. மீதி நாலு ஆணி தெற்கே, ஊருக்கு ஒன்றாக, ஏதோ கை தவறி அடித்ததுபோல் நின்றன.

எனக்கு அவசரக் குணம் உண்டு. "இதுல என்ன துரை யோசனை? அதிகம் பேர் எங்கே இருக்காங்களோ அதான் ஊர். ஹம்பர்க்தான் உங்க ஊர்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஹம்பர்க் ஒன்பது பேருக்கும் எழுதியிருக்கிறார். எட்டுப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும், எங்களுக்குக் கீழ்த்திசையில் உறவினர் எவரும் கிடையாது, இனி எழுத வேண்டாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார் மனிதர்.

இருந்தாலும் நான் விடவில்லை. போய்ச் சேரும் ஊர் ஹம்பர்க் என்று பென்சிலால் எழுதி வைத்தேன். கட்டம் நிரம்பியதில் எனக்கு ஒரு திருப்தி.

3. முசிறியான் வீடு

மறுவாரம் ஆட்களின் ஃபாரம் எழுத உட்கார்ந்தேன். அதிலும் என் அவசரம்தான். தோட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ராமசாமி என்று கூப்பிட்டால் ஆட்கள் குடியிருக்கும் லயமே திரும்பிப் பார்க்கும். ஆகவே ஊர்ப் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். துறையூரான், ஆத்தூரான், முசிறியான். எனக்கு அது வசதியாகப் போயிற்று. துறையூரான் என்றால் ஊர் துறையூர், ஆத்தூரான் என்றால் ஆத்தூர். ஆளைக் கேட்காமலே ஊர்க் கட்டத்தை நிரப்பிவிட்டு, கைநாட்டு வைக்க மட்டும் கூப்பிட்டேன்.

பூவாயி வந்தாள். ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் பெண். புருஷன் முசிறியான் செத்து இரண்டு வருடம். இங்கேயே பிறந்த இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறாள். நான் எழுதியதை உரக்க வாசித்தேன். "சொந்த ஊர் முசிறி, தாலுகா முசிறி, ஜில்லா திருச்சி. பெருவிரலை இங்க வை."

அவள் வைக்கவில்லை. "முசிறின்னா போட்டீங்க? அங்க எங்களுக்கு யாருங்கய்யா இருக்கா?"

"உம் புருஷன் பேரே முசிறியான்தானே?"

"அது அவரோட பாட்டன் ஊருங்க. பாட்டன் முசிறியை விட்டுப் பெரம்பலூர்ப் பக்கம் எசனைக்குக் குடி வந்தாரு. வந்த எடத்துலதான் முசிறியான் வீடுன்னு சொல்லுவாங்க. முசிறியில போயி முசிறியான் வீடு எதுன்னு கேட்டா சிரிக்க மாட்டாங்களா? அங்க எல்லாருமே முசிறிதானுங்களே. எசனையில கேளுங்க, சின்னப் புள்ளகூட கையப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டுரும்."

ஒரு விதவையையும் இரண்டு பிள்ளைகளையும் ஒருவரையும் தெரியாத ஊரில் இறக்கிவிட இருந்தேன். தாலுகாவே வேறு. ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, எசனை, பெரம்பலூர் தாலுகா என்று புதிதாக எழுதினேன். அதுவரை நிரப்பி வைத்திருந்த மற்ற ஃபாரங்களையும் எடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திரும்பக் கேட்டேன். பதினோரு ஃபாரம் தப்பு. இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் நேரே எஞ்சின் ரூமுக்குப் போனேன். பூவாயி சொன்னதை அப்படியே லோர்கன்பெக் துரைக்குச் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. நான் மேப்பின் முன்னால் நின்று, தெற்கே இருந்த நாலு ஆணியையும் தொட்டுக் காட்டினேன்.

"ஹம்பர்க்குக்கும் சுரங்கத்துக்கும் போனவங்க எல்லாம் வேலைக்கு ரயிலேறிப் போனவங்க துரை. நம்ம ஆளுங்க சிங்கப்பூருக்குப் போற மாதிரி. ஆனா இந்த நாலு வீட்டைப் பாருங்க. நாலும் வேற வேற ஊரு, ஆனா ஒண்ணுலேருந்து ஒண்ணு நடந்து போற தூரம். நடுவுல காலி. ஒரு ஊரை விட்டுக் கெளம்பினவங்க சுத்துப்பட்டுல குடியேறினாத்தான் இப்படி இருக்கும். பேர் வந்த எடம் நடுவுல இருந்திருக்கணும். இப்ப இல்லாமப் போயிருக்கலாம். ஆனா அந்தப் பேரைச் சொன்னா தெரிஞ்சுக்கிற ஆளுங்க சுத்தி இருக்காங்க."

அவர் விரலால் நாலு ஆணியையும் சுற்றி வட்டம் போட்டார். "இவங்களுக்கு நான் எழுதவே இல்லை கிராணி. சின்ன ஊர், ஒரு ஒரு வீடு. இவங்களுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

அன்றைக்கே நாலு வீட்டுக்கும், அந்த வட்டாரத்துத் தேவாலயப் பாதிரியாருக்கும் சேர்த்து ஐந்து கடிதம் எழுதினார். போய்த் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். எங்களுக்கு இருந்த தவணையும் அவ்வளவுதான்.

4. தண்ணீர் ஏறிய வாரம்

தவணையின் கடைசி வாரம் வரை பதில் வரவில்லை. ஃபாரங்கள் சனிக்கிழமை சிங்கப்பூருக்குக் கிளம்ப வேண்டும். அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சிகாமட் ஆறு பெருகித் தண்டவாளத்தை மூடியது. நாலு நாள் ரயில் இல்லை, தபால் இல்லை. லோர்கன்பெக் துரை எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார் என்று முத்தையா சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ரயில் வந்துவிட்டதாகச் செய்தி கிடைத்தது. ஆனால் தோட்டத்து ரோட்டில் இன்னும் மார்பளவு தண்ணீர். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் இருந்த சிநேகிதர் யூசோஃபின் சின்னப் படகான சம்பானில் ஏறி டவுனுக்குப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. யூசோஃபுக்கு என் பயம் தெரிந்து, வேண்டுமென்றே படகை ஆட்டி ஆட்டி ஓட்டினார். தபாலாபீசில் மூட்டைகளைப் பெஞ்சு மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் பையில் ஜெர்மன் தபால்தலை ஒட்டிய உறைகள் இரண்டு இருந்தன.

தோட்டத்துக்குத் திரும்பிக் கொடுத்ததும், லோர்கன்பெக் துரை உறையைக் கிழிக்காமல் கத்தியால் மெதுவாகத் திறந்தார். பிறகு எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

முதல் கடிதம் பாதிரியாருடையது. அந்த நாலு ஊருக்கும் நடுவில் ஒரு புல்வெளி. அதில் ஓர் ஓடை. அந்த ஓடைக்குத்தான் லோர்கன்பெக் என்று பெயர். கரையில் முன்பு ஒரு மாவு மில் இருந்ததாம். பழங்காலத்துச் சண்டை ஒன்றில் எரிந்துபோயிற்று. மில்காரரின் பிள்ளைகள் சுற்று ஊர்களில் குடியேறினார்கள் என்று தேவாலயத்துப் பழைய புத்தகத்தில் இருக்கிறதாம்.

இரண்டாவது கடிதம் அந்த நாலு வீட்டில் ஒன்றிலிருந்து, ஆன்னா லோர்கன்பெக் என்ற அம்மாளுடையது. துரை வாசித்தார்: "என் புருஷன் பேரும் உங்க பேரும் ஒண்ணு. அவர் செத்துட்டார். மாடி ரூம் காலியா இருக்கு. நீங்க மெஷின் வேலைக்காரர்னு எழுதியிருக்கீங்க. எங்க ஊர்க் கதிரடிக்கிற மெஷின் ரெண்டு வருஷமா ஓடலை. வாங்க. வந்து அதைப் பாருங்க."

வாசித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "வேலையும் இருக்கு லா" என்றார். நான் மறைக்கவில்லை, அழுதேன்.

போய்ச் சேரும் ஊர்க் கட்டத்தில் ஹம்பர்க் என்று நான் எழுதியிருந்த பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, ஆன்னா அம்மாளின் கிராமத்தை மையால் எழுதினேன். உறவினர் கட்டத்தில் திருமதி லோர்கன்பெக். பெரிய துரை கையெழுத்துப் போட வந்தவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன கிராணி இது, இவனுக்குப் பொண்டாட்டி இருக்காளா?"

"இல்லைங்க துரை. சொந்தக்காரங்க."

பெரிய துரை தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

5. அறுவடைக்குப் பிறகு

ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கிலீஷும் மலாயும் கலந்து எழுதியிருந்தார். கதிரடிக்கும் மெஷின் ஓடுகிறது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறார்கள். ஆன்னா அம்மாளின் சமையலில் காரம் போதாது.

அந்த நாலு வீட்டாரும் சந்தையில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போவதோடு சரியாம். பெயர் ஒன்று என்று தெரியுமே தவிர, ஒரே மில்காரர் வழியில் வந்தவர்கள் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இவர் தேவாலயப் புத்தகத்திலிருந்து எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போயிருக்கிறார். ஒரு கிளையில் யாரோ ஒருவன் துறைமுகத்துக்குப் போனதாக ஒரே ஒரு வரி இருந்ததாம். அவன் என் தாத்தாவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆன்னா அவன்தான் என்கிறாள், நானும் சரி என்றுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அறுவடை முடிந்த ஞாயிறு மற்ற மூன்று வீட்டாரையும் ஆன்னா அம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாளாம். பதினேழு பேர். கடிதத்தின் கடைசி வரிகளை இங்கே தமிழில் தருகிறேன்:

"எல்லோரும் வாசலில் நின்று ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கிராணி. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. மேசையில் யார் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நான்தான் சொல்லி உட்கார வைத்தேன்."

இதைப் படித்துவிட்டு அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அதன்பிறகு ஓய்வுபெறும் வரைக்கும் சொந்த ஊர்க் கட்டத்தை நானாக நிரப்பியதே இல்லை. ஆளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, "எந்த ஊர்ல போய் இறங்கினா உன்னை இன்னார் வீட்டு ஆள்னு தெரிஞ்சுக்குவாங்க?" என்று கேட்பேன். சிலர் உடனே சொல்வார்கள். சிலர் ரொம்ப யோசிப்பார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு நானும் காத்திருப்பேன்.